உடல் தேறினால் போதுமா?



பக்கவாதம் கண்டவரை நலம் விசாரிக்கச் செல்லும் நாம், "கையைத் தூக்க முடிகிறதா? நடக்க முடிகிறதா?" என்றுதான் கேட்கின்றோம். "மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர் மிகச் சிலரே. அக்கேள்வியின் அவசியத்தை உணர்த்தவே இதனை எழுதுகின்றேன்.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் 30 ஆண்டுகள் உழைத்தவர் என் அத்தா. பக்கவாதத்தால் அவருடைய வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் குழறியது. சில மாதங்களில் கோலூன்றி நடக்கும் அளவிற்கு அல்லாஹ் அருள் புரிந்தான். ஆனால் கால் தேறத் தேற, முகம் இருண்டது. உணவை ஒதுக்கினார், இரவெல்லாம் விழித்திருந்தார், பயிற்சி அளிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பினார். பாங்கொலி கேட்டால் கண்ணீர் வடித்தாரே அன்றித் தொழ முற்படவில்லை. "நான் இனி எதற்கு?" என்று ஒருநாள் குழறிக் குழறிக் கேட்டார்.

காண வந்தோரில் சிலர், "ஈமான் தளர்ந்துவிட்டது, ஸப்ரு செய்யுங்கள்" என்று கூறிச் சென்றனர். நோயைவிட அச்சொல்லே அவரை அதிகம் வாட்டிற்று.

சேலத்து மருத்துவர் ஒருவர் எங்களுக்கு உண்மையை விளக்கினார். மூளையில் இரத்த ஓட்டம் தடைப்படும்போது, கை கால்களை இயக்கும் பகுதி மட்டுமன்றி, ஊக்கத்தையும் மகிழ்வையும் தரும் நரம்புப் பாதைகளும் பழுதுறக்கூடும். இழப்பின் துயரமும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். பக்கவாதம் கண்டோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இம்மனச்சோர்வு வருகின்றது. கவனியாது விட்டால், உடல் தேறுவதும் தாமதமாகும்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. 10ஆம் நூற்றாண்டில் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, காரணம் தெரிந்த துயரம் வேறு, உடலின் கோளாறால் எழும் துயரம் வேறு எனப் பிரித்து, பின்னதற்கு மருத்துவம் தேவை என்று எழுதினார். மகனைப் பிரிந்த துயரத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் பார்வை இழந்ததைத் திருமறை கூறுகின்றது. அதனை ஈமானின் குறை என்று எவரேனும் சொல்வோமா?

மருத்துவர் தந்த மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆயின. இடையில் நாமாக நிறுத்திவிடலாகாது என்பதை அம்மா உறுதியாகக் கடைப்பிடித்தார். மாத்திரையோடு இன்னொன்றும் செய்தார். பட்டறைக் கணக்கை நாள்தோறும் அத்தாவிடம் படித்துக் காட்டி, அவர் தலையசைத்த பின்பே பணம் கொடுத்தார். வீட்டில் தம் சொல்லுக்கு இடமிருக்கிறது என்பதை அத்தா கண்டுகொண்டார். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடமளித்திருப்பதை இமாம் எடுத்துரைத்தார். மஹல்லாத் தோழர்கள் ஜும்ஆவுக்கு அழைத்துச் சென்றனர்.

இன்றும் அத்தாவின் வலக்கை மடங்கியே இருக்கின்றது. ஆயினும் பட்டறைப் பையன்களுக்கு இடக்கையால் சைகை காட்டித் தொழில் கற்றுத் தருகின்றார்.

அன்பர்களே! உங்கள் இல்லத்து நோயாளி உறக்கமும் பசியும் இழந்தால், பயிற்சியை வெறுத்தால், மருத்துவரிடம் அதனையும் கூறுங்கள். பேச இயலாதவரின் முகத்தைப் படியுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரை நாடுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கின்றது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் இல்லம் தேடி வருகின்றது. இரவும் பகலும் பணிவிடை செய்யும் பெண்களின் சோர்வையும் மறவாதீர்கள்.

நோயாளியை நலம் விசாரிப்பது ஸுன்னத். அவ்விசாரிப்பில் உள்ளத்தையும் சேர்த்துக்கொள்வோம். வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் உடல் நலமும் உள நலமும் அருள்வானாக! ஆமீன்.