டுசல் கரையில்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு முடிந்த கையோடு, போத்தலில் தேத்தண்ணியும் கடதாசியில் சுற்றிய றோல்ஸுமாக, ஜேர்மனியில் எங்கள் வீட்டுப் பக்கத்து நெயாண்டர்டால் பள்ளத்தாக்குக்கு வெளிக்கிடுவோம். "ஆறு பாக்கப் போறம்" என்பார் அப்பா. அண்ணை ஓடிவந்து பாய்ந்தால் அக்கரைதான். டுசல் அவ்வளவு சின்ன ஆறு. வுல்ஃப்ராட் பக்கத்து வயல்களுக்குள் பிறந்து, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வளைந்து றைனில் விழுகிற அதைப் பார்த்து அம்மாவுக்கு எப்பவும் ஒரு இளக்காரம். யாழ்ப்பாணத்தில் மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாற்றைக் கண்டு வளர்ந்தவ என்பதை நாங்கள் ஒருத்தரும் ஞாபகப்படுத்துவதில்லை.

சித்திரையில் அந்தக் காட்டுக்குள் இறங்கினால் முதலில் வருவது வாசம்தான். ஈரமண், ஊறிப்போன இலைச்சருகு, அதற்கு மேலால் உள்ளி வாசம். "ஆரோ உள்ளி வதக்கினம்" என்று அம்மா மூக்கை நிமிர்த்துவா. மரங்களுக்குக் கீழே நிலம் முழுக்க வெள்ளைப் பூவோடு பேர்லவுக் என்ற காட்டுள்ளி இலை. வறை வறுத்தால் எப்படியிருக்கும் என்று அவவுக்குக் கை துறுதுறுக்கும். 1921 முதல் பாதுகாத்த இடம், ஓரிலையும் பறிக்கக் கூடாது என்று அப்பா பலகையைக் காட்டுவார். கல்லுக்குக் கல் தாவிக்கொண்டு மஞ்சள் வயிற்று வாலாட்டிக் குருவி எங்களுக்கு முன்னால் போகும்.

நானோ புதருக்குப் புதர் நெயாண்டர்டால் ஆதி மனுசனைத் தேடிக்கொண்டு, அப்பாவின் காச்சட்டையைப் பிடித்தபடி நடப்பேன். 1856இல் கல்லுடைக்கிற ஆட்கள் குகைக்குள்ளிருந்து வெட்டியெறிந்த மண்ணில் அவனுடைய எலும்புகள் வந்ததையும், கரடியின் எலும்பென்று அவர்கள் நினைத்ததையும், ஃபூல்ராட் என்ற வாத்தியார்தான் மனுச எலும்பென்று கண்டுபிடித்ததையும் அப்பா ஒவ்வொரு முறையும் புதிதுபோலச் சொல்லுவார்.

"அப்ப குகை எங்கையப்பா?"

"சுண்ணாம்புக் கல்லாய் உடைச்சு வித்துப்போட்டாங்கள், பிள்ளை."

மலையை விற்கலாம் என்பது எனக்கு எலும்பைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

எர்க்ராட் தாண்டி டுசல்டோர்ஃபுக்குள் வந்ததும் ஆறு கிளை கிளையாகப் பிரிந்து, கொஞ்சம் நிலத்துக்குக் கீழே ஒளித்தோடி, கொஞ்சம் பணக்காரக் கடைத்தெருவின் அகழியை நிரப்பும். அந்த நகரத்து மரங்களில்தான் பச்சைக் கிளிகளைக் கண்டோம். கூட்டிலிருந்து தப்பிப் பெருகின, நம்மூர்ச் சிவப்புச் சொண்டுக் கிளிகளேதான். அம்மா றோட்டென்றும் பாராமல் "கிளி! கிளி!" என்று கத்தினா.

அம்மம்மாவுக்கு உடனே கடிதம் எழுதினேன். பதில் வந்தது: "அதுகள் குளிருக்குச் செத்துப்போகும். பிடிச்சு வீட்டுக்குள்ளை வையுங்கோ." அண்ணை அன்று பின்னேரமே அம்மாவின் யன்னல் சீலையைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.