கரை யாருக்குச் சொந்தம்?

உடுவில்,
சித்திரை.

அன்பின் தம்பிக்கு,

ஆடி லீவுக்குப் பிள்ளைகளோடு வருகிறாய் என்றதும் அம்மா நாள் எண்ணத் தொடங்கிவிட்டா.

உன் மகள் போனில் கேட்டது மனதிலேயே நிற்கிறது. நோர்வேயில் 1957இலிருந்து சட்டமாம். கரையில் யாரும் நடக்கலாம், குளிக்கலாம். கடலிலிருந்து 100 மீற்றருக்குள் லேசில் வீடு கட்ட விடமாட்டார்களாம். "மாமி, அங்கேயும் கரை எல்லாருக்கும் சொந்தமா?" என்றாள். போனில் சொல்லி முடிக்கிற கதையா அது?

சட்டம் இங்கேயும் இருக்கிறது. 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கரையிலிருந்து 300 மீற்றர் உள்ளே வரை அனுமதியில்லாமல் எதையும் கட்டக்கூடாது. ஆனால் 1990 ஆனியில் போரால் வலிகாமம் வடக்கின் மயிலிட்டிச் சனம் கரையையே விட்டு ஓடவேண்டி வந்தது. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். கடலை நம்பி இருந்தவர்கள் சுன்னாகம், மல்லாகம் பக்கத்து முகாம்களில் ஒதுங்கினார்கள். எங்கள் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்க வந்த ஐயாவை நினைவிருக்கிறதா? வேலை முடிந்ததும் வரப்பில் இருந்து நைலோன் நூலில் வலை முடிவார். வீசக் கடல் இல்லை. "கை மறந்திடக்கூடாது பிள்ளை" என்பார். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஆடியில்தான் விடுபட்டது. 27 வருடம்! இப்போது அவருடைய மகன் அங்கே தொழிலுக்குப் போகிறான். வலிகாமம் வடக்கில் இன்னும் விடுபடாத காணிகள் இருக்கின்றன.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லு. நோர்வேக்கு எங்கள் ஆட்கள் போன வழியே கடற்றொழிலால் வந்ததுதான். குருநகர் அந்தோனி ராஜேந்திரம் 1956இல் அங்கே போனார். பிறகு நோர்வேக்காரரோடு சேர்ந்து காரைநகரில் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே வள்ளம் கட்டினார்கள். அந்தத் தொடர்பில்தான் பின்னாளில் எங்கள் பெடியள் படிக்கப் போய், வடக்கு நோர்வே மீன் தொழிற்சாலைகளில் மீன் வெட்டினார்கள். நீயும் அந்தக் குளிரில் மீன் வெட்டித்தானே காலூன்றினாய்? உன் பிள்ளைகள் அதைக் கூச்சமில்லாமல், பெருமையாகச் சொல்லவேண்டும்.

அதனால் கசூரினாக் கடற்கரையில் குளிக்க வைத்துவிட்டுத் திரும்பிவிடாதே. ஒருநாள் விடியவே மயிலிட்டிக்குப் போவோம். வள்ளங்கள் வந்து, மீன் ஏலம் கூறுகிற நேரம் அது. அவள் தன் கேள்வியை அங்கே வலையில் மீன் கழற்றுகிறவர்களிடமே கேட்கட்டும். பறிகொடுத்துத் திரும்பப் பெற்றவர்கள் சொல்கிற பதில் என்னுடையதைவிடப் பெறுமதியானது.

ரிக்கெற் போட்டதும் திகதியை அறிவி.

அன்புடன்,
அக்கா