ஒரு சாக்கின் கதை

நுகேகொடைச் சந்தையிலே ஒருநாள் நம் அன்னையார் இருபது தேங்காய் வாங்கினார். கொண்டுசெல்லச் சாக்கு வேண்டியிருந்தது. தமிழ்ச் சொல்லோடு சிங்கள ஓசையைக் கூட்டி, "சாக்குவக் தென்ன" என்றார். முதிய சிங்கள வியாபாரி திகைத்துத் தமது சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். சிங்களத்திலே 'சாக்குவ' என்றால் சட்டைப்பையாம்!

அன்னையாரின் முகம் வாடிற்று. 1983 ஆடிக் கலவரத்தின்போது, ஒரேயொரு சாக்கில் துணிமணிகளைத் திணித்துக்கொண்டு இவ்வூரை விட்டு வெளியேறியவர் அவர். மீண்டு வந்த பின்னரும், சந்தையிலே நாம் உரத்துத் தமிழ் பேசினால் கையைப் பற்றி அடக்குவார்.

வியாபாரியோ கீழே கிடந்த சாக்கொன்றைத் தூக்கி, "கோனியக்த?" என வினவினார். "ஓம், கோணி! கோணி!" என்று நாம் தமிழிலேயே கூவிவிட்டோம். அவர் நகைத்தார், அன்னையாரும் நகைத்தார்.

வீடு திரும்பியதும் அகராதிகளைப் புரட்டினோம். ஸ்பானிய மொழியிலே பைக்குச் 'சாக்கோ' என்று பெயர். போர்த்துக்கேயத்திலும் அச்சொல் உண்டு. அதன் தாய் இலத்தீனின் 'சக்குஸ்'. பாட்டி, முரட்டுத் துணியைக் குறித்த கிரேக்கச் 'சாக்கோஸ்'. கிரேக்கரோ அதனை மேற்காசியச் செமித்திய மொழியினரிடம் பெற்றனர். எகிப்துக்குத் தானியம் வாங்கச் சென்ற யோசேப்பின் சகோதரர்களுடைய பைகளை எபிரேய விவிலியம் 'சக்' என்றே அழைக்கின்றது. தென் அமெரிக்க நாடுகள் பலவற்றில் இன்று 'சாக்கோ' என்றால் மேற்சட்டை!

நம் தீவுக்குப் போர்த்துக்கேயர் 1505 இல் வந்தனர். 1656 இல் கொழும்பு ஒல்லாந்தர் வசமாயிற்று. ஒல்லாந்தரின் 'சக்' பையையும் குறிக்கும், சட்டைப்பையையும் குறிக்கும். கடலோடிகள் கொணர்ந்த இச்சொல்லிலே சிங்களவர் சட்டைப்பையைக் கண்டனர். தமிழர் நெல்மூட்டையைக் கண்டனர். கோணியின் கதையோ நேர்மாறு. வடமொழிக் 'கோணீ' தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவாகி, கப்பலேறி, ஆங்கிலத்திலே 'கனி' ஆயிற்று.

இவற்றையெல்லாம் அன்னையாருக்கு எடுத்துரைத்தோம். "அப்படியென்றால், அந்த மனுசனும் பிழையாகச் சொல்லவில்லை, நானும் பிழையாகக் கேட்கவில்லை" என்றார்.

அடுத்த வாரமும் சந்தைக்குச் சென்றோம். தேங்காய்க் கடையிலே நாம் உரத்த குரலிற் கோணி கேட்டோம். அன்னையார் நம் கையைப் பற்றவில்லை.