சனி பகவானும் எங்கள் மொட்டை மாடியும்

டெலஸ்கோப் வாங்கின ஆசாமியை உலகம் மூன்று விதமாகப் பார்க்கும். மனைவி, 'இந்தக் காசுக்கு ஒரு கிரைண்டர் வாங்கியிருக்கலாம்' என்று பார்ப்பாள். எதிர் ஃப்ளாட்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்ப்பார். வீட்டு ஓனர் மாடிக்கே வந்து நேரில் பார்ப்பார்.

எங்கள் ஓனரும் வந்தார். 2022 ஜூலையில் வில்லிவாக்கம் மொட்டை மாடியில், துணி காயும் கொடிக்கும் தண்ணீர் டேங்க்குக்கும் நடுவே நான் ஸ்டாண்டைப் பிரித்து வைத்திருந்தேன்.

"தம்பி, இது எதுக்கு?"

"நட்சத்திரம் பார்க்க சார்."

"எந்த நட்சத்திரம்?" என்று கேட்டுக்கொண்டே எதிர் ஃப்ளாட்டைப் பார்த்தார்.

பேச்சை வளர்க்காமல் அரை நிலாவுக்குக் குழாயைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "என்னய்யா, நம்ம தெரு மாதிரியே குண்டும் குழியுமா இருக்கு!" என்றார். அன்றிலிருந்து ஓனர் நம்ம கட்சி. வாடகையை மட்டும் குறைக்கவில்லை.

என் டெலஸ்கோப் ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. முன் லென்ஸ் 70 மில்லிமீட்டர். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இருக்கிற டெலஸ்கோப்பின் கண்ணாடி அகலம் 2.3 மீட்டர். அது யானை என்றால் இது எறும்பு. ஆனாலும் 70 மடங்கு பெரிதாகக் காட்டும். கலிலியோவிடம் இருந்தது இதில் பாதிகூடக் காட்டாது. அந்த வகையில் மாதச் சம்பளக்காரனான நான் அவரைவிட வசதியான ஆள்.

நகரத்து வானத்தில் பால்வீதி எல்லாம் கேட்கக்கூடாது. தெருவிளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் நிலா, வியாழன், சனி மூவரும் தெருவிளக்குக்கெல்லாம் அசரமாட்டார்கள். எந்த ஊரானாலும் தரிசனம் உண்டு.

சனி என்றதும் எங்கள் வீட்டில் ஒருவர் காதைப் பொத்திக்கொள்வார். அப்பா.

அப்பாவுக்கு மீன ராசி. 1997-ல் அவர் வேலை பார்த்த மில் மூடப்பட்டபோது அவருக்கு ஜென்மச் சனி. அதன்பின் பால் பூத், லாட்ஜில் கணக்கு எழுதுவது, இரவு வாட்ச்மேன் என்று ஏதேதோ செய்தார். ஆனால் முதலாளியையோ, யூனியனையோ, மூன்று மாதம் கடன் கொடுத்துவிட்டு நான்காம் மாதம் நிறுத்திய மளிகைக்கடைக்காரரையோ திட்டி நான் கேட்டதில்லை. "எல்லாம் சனி படுத்தற பாடு" என்பார். சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு. எனக்குப் புரமோஷன் வராததற்கும் அதே ஆசாமிதான் பொறுப்பு. நான் மகர ராசியாம்.

டெலஸ்கோப் வந்து ஒரு மாதமாகியும் அப்பா மாடிப்படி ஏறவில்லை. "நேருக்கு நேர் பார்க்கக்கூடாதுடா. கோயில்லயே ஓரமா நின்னுதான் கும்பிடணும்."

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்கு கரண்ட் போனது. தெருவே மின்சார வாரியத்தைத் திட்ட, நான் மட்டும் விசிலடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஃபேன் நின்ற புழுக்கம் தாங்காமல் கொஞ்ச நேரத்தில் விசிறியோடு அப்பாவும் வந்தார்.

"என்ன தெரியுது?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "சனிப்பா."

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. டேங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, போன வருஷம் ஆபரேஷன் செய்த வலது கண்ணை மெள்ள லென்ஸிடம் கொண்டுபோனார்.

எள்ளு மாதிரி ஒரு மஞ்சள் உருண்டை. அதைச் சுற்றித் தனியாக ஒரு வளையம்.

"மோதிரம் போட்டிருக்கான்டா" என்றார், குரலே மாறி.

"வளையம் முழுக்கப் பெரும்பாலும் ஐஸ்கட்டிப்பா."

"ஐஸா? அதான் விஷயம். நான் இத்தனை வருஷமா எள் விளக்கு வச்சேன். இவன் ஐஸ் வச்சாத்தான் மசிவான் போல!"

இரண்டு நிமிஷத்தில் சனி வட்டத்தைவிட்டு நழுவிவிட்டது. "ஐயையோ, போறான்டா!" என்று பதறினார். இருபத்தைந்து வருஷமாக எவன் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டாரோ, அவனைப் பிடித்துவைக்கச் சொன்னார்.

"அவர் போகலைப்பா. நாமதான் சுத்தறோம். அவர் ரொம்ப நிதானம். சூரியனை ஒரு தடவை சுத்திவர இருபத்தொன்பதரை வருஷம். பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டா, ராசிக்கு ரெண்டரை வருஷம்."

"மூணு ராசிக்கு ஏழரை" என்று கணக்கை முடித்தார் அப்பா. "அதான் மந்தன்னு பேர் வச்சான். டெலஸ்கோப் இல்லாமலே எவன்டா இதைக் கண்டுபிடிச்சான்?" மில்லில் ஒரு காலத்தில் தறிக்கணக்கு பார்த்தவரின் சந்தோஷம் அது.

"எவ்வளவு தூரம்?"

"நூத்தி முப்பது கோடி கிலோமீட்டருக்கு மேல. நீங்க பார்த்தது, ஒண்ணேகால் மணி நேரம் முன்னாடி கிளம்பின வெளிச்சம்."

கொஞ்ச நேரம் விசிறியை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். "அவ்வளவு தூரத்துல, தன்பாட்டுக்குச் சுத்திட்டிருக்கு. அது எங்கடா நம்ம மில்லைப் பார்த்துச்சு..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கரண்ட் வந்தது. அப்பா எழுந்து கீழே போனார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒரு மனுஷனைக்கூடத் திட்டாமல் வாழ்வதற்காக அவர் வைத்திருந்த ஒரே ஆளை நான் பறித்துவிட்டேனோ? இனி யாரைச் சொல்வார்? மில்லையா? தன்னையேவா?

மறுநாள் காலை தண்ணீர் மோட்டார் ரிப்பேர். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாம் ராகு பண்ற வேலை."

"ராகுன்னு தனியா ஒரு கிரகமே கிடையாதுப்பா. நிலாவோட பாதையும் சூரியனோட பாதையும் வெட்டிக்கற புள்ளி. அவ்வளவுதான்."

"உன் டெலஸ்கோப்புல தெரியுமா?"

"எந்த டெலஸ்கோப்புலயும் தெரியாது."

அப்பா நிம்மதியாகச் சிரித்தார்.

"அப்ப சரி."