கட்டுத்தரைக் கண்

ராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் மாட்டு வேலை குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு. சாணி வழிப்பது, கட்டுத்தரை கூட்டுவது, தண்ணி காட்டுவது பெண்கள் பாடு. மேய்ச்சலுக்குப் பிடித்துப் போவது பெரியவர்கள். தட்டுப்போர் போடுவது, ஜவ்வரிசி ஆலையிலிருந்து திப்பி ஏற்றி வருவது, சந்தைக்கு ஓட்டுவது ஆண்கள். பால் பீச்சுவது மட்டும் வீட்டுக்கு வீடு மாறும்.

யாரும் வேலையாகவே எண்ணாத ஒன்று மாட்டைக் கவனிப்பது. எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) அதில் கெட்டி. தவிட்டுத் தண்ணியை மாடு உறிஞ்சும் வேகத்திலேயே அதற்கு உடம்பு முடியவில்லை என்று கண்டுகொள்வார். தீவனத்தில் மனசில்லாமல் நின்று கத்தினால் வாலைத் தூக்கிப் பார்ப்பார். கண்ணாடியாக வழும்பு தொங்கினால் உடனே தாத்தாவிடம், எங்கள் வழக்கில் அப்பிச்சியிடம், "ஏனுங்க, பொழுதோட ஊசிக்குச் சொல்லிப்போடுங்க" என்பார். காலையில் பருவம் தெரிந்தால் அன்று சாயங்காலம், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை சினை ஊசி போட வேண்டும் என்பதுதான் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கும். தவறினால் அடுத்த பருவத்துக்கு ஏறக்குறைய 21 நாள் ஆகும். அத்தனை நாளும் தீவனச் செலவு வீண், கன்று ஈனுவதும் தள்ளிப்போகும். ஊசி போட வந்தவரோ கேள்வியெல்லாம் அப்பிச்சியிடமே கேட்பார். அப்பிச்சி அடுப்படிப் பக்கம் திரும்பி விசாரித்துவிட்டுப் பதில் சொல்வார்.

நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. படிப்பாளிகளுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆனால் இங்கே மாடு வளர்ப்புப் பயிற்சி முகாம் யார் நடத்தினாலும் பால் பீச்சும் நேரத்தையும் சோறாக்கும் நேரத்தையும் விட்டு நடத்த வேண்டும். அப்போதுதான் மாட்டைக் கவனிக்கிற பெண்கள் வந்து உட்கார முடியும்.

கவனிப்பது பெண், பேசுவது ஆண் என்பது மாட்டுச் சந்தையிலும் இதே கதைதான். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் இடத்தில் பெண்களைக் காண்பது அரிது. 2011இல் வந்த விலையில்லாக் கறவைப் பசுத் திட்டம் பெண்களுக்கே மாடு கொடுத்தது. மாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் அவர்களையே சந்தைக்கு அழைத்துப் போனார்கள். அந்தத் திட்டத்தில் என் மனசுக்கு நெருக்கமானது இந்த ஏற்பாடு. பல்லைப் பிடித்துப் பார்க்கவும் மடியைத் தொட்டுப் பார்க்கவும் கட்டுத்தரையில் பழகிய கைக்குச் சொல்லியா தர வேண்டும்?

இப்போது இந்த வேலைப் பங்கீடு தானாகவே குலைகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் நாமக்கல் லாரியிலும் போன ஆண்கள் மாசக்கணக்கில் வடக்கே இருக்கிறார்கள். என் அண்ணனும் ரிக்கில்தான். ஊசிக்குப் போன் பண்ணுவது, திப்பிக்கு விலை பேசுவது, கிடேரியை விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுப்பது எல்லாமே அண்ணிதான். இரண்டு வேளையும் கேனைத் தூக்கிக்கொண்டு பால் சங்கத்துக்குப் போவதும் அவர்தான். ஆனால் பால் அட்டையில் இன்னும் அண்ணன் பெயர். சங்கத் தேர்தலில் ஓட்டும் அண்ணனுக்குத்தான். அடுத்த முறை அண்ணன் ஊருக்கு வரும்போது இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போய் அண்ணியை உறுப்பினராக்கிவிட்டுத்தான் வருவது என்று இருக்கிறேன்.