ஆழியாற்று இறக்கத்தில்

முப்பது ஆண்டுகள் கியர் மாற்றிப் பழகிய கை என்னுடையது. முழங்கால் வலி வந்தபின், மருமகனின் யோசனைப்படி, கிளட்ச் மிதி இல்லாத வண்டி ஒன்றை வாங்கினேன். அதன் கியர்த் தண்டருகே ‘டி’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ‘எம்’ என்றும், கூட்டல் கழித்தல் குறிகளும் இருந்தன. தானே கியர் மாற்றும் வண்டிக்கு இந்த விளையாட்டு எதற்கு என்று கேலி செய்தேன். அந்த வண்டியிலேயே ஓட்டப் பழகிய மகளைக் ‘கியர் தெரியாத ஓட்டுநர்’ என்று சீண்டியதும் உண்டு.

சென்ற ஆண்டு குடும்பத்தோடு வால்பாறை சென்று திரும்பினோம். பின்னிருக்கையில் மாமியாரும் பேரனும். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது எண் குறைந்துகொண்டே வரும். நான் ‘டி’யிலேயே விட்டிருந்தேன். சரிவில் வேகம் கூடக்கூட, எரிபொருளை மிச்சம் பிடிக்க எண்ணும் வண்டி மேல் கியருக்குத் தாவிவிடுகிறது. வண்டி ஓட, நான் பிரேக்கை மிதிக்க, இப்படியே பதினைந்து வளைவுகள் கடந்தபோது கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கிற்று. எதிரே பேருந்து ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. மாமியாரின் உதடுகள் ஓதத் தொடங்கியதைக் கண்ணாடியில் கண்டேன்.

“அத்தா, ‘எம்’முக்குத் தள்ளி இரண்டாவது கியருக்குக் கொண்டு வாருங்கள்” என்றாள் மகள், குரலை உயர்த்தாமல்.

எஞ்சின் ஒருமுறை உறுமியது. பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் வண்டி அடங்கிற்று. அகலமான இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்தினோம். சக்கரங்களில் தண்ணீர் ஊற்றப் போன என்னை மகள் தடுத்தாள். கொதிக்கும் இரும்பு வட்டு சட்டென்று குளிர்ந்தால் கோணிவிடுமாம். ஆறும்வரை காத்திருந்தோம்.

ஓயாமல் மிதித்தால் பிரேக்கின் சூடு அதன் எண்ணெய்க்கும் ஏறும். எண்ணெய் கொதித்துக் குமிழிகள் உண்டானால் மிதி வெறுமனே இறங்கும். குறைந்த கியரிலோ, சக்கரங்கள் எஞ்சினையும் இழுத்துச் சுழற்ற வேண்டியிருப்பதால் வேகம் தானாக மட்டுப்படும். பிரேக் வளைவுக்கு முன் சிறிது தேவைப்படும், அவ்வளவே. மலைப்பாதையில் செல்லும் சகோதர சகோதரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று: இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் மிஞ்சியபின் கேட்டால், எஞ்சினுக்குக் கேடு வரும் என்று வண்டியே மறுத்துவிடக்கூடும். குறைக்க முன்னே தள்ளுவதா பின்னே இழுப்பதா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். சமவெளியில் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

ஒன்பதாவது வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனையில் இறங்கி, கீழே அணை நீரைப் பார்த்தோம். அங்கிருந்து ஓட்டியவள் மகள்.

“இந்த எழுத்து வண்டியில் முன்பே இருந்ததா, மாப்பிள்ளை?” என்று கேட்டார் மாமியார்.

நான் சாலையோரக் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.