காதோரப் பென்சில்!

தமிழ்நாட்டில் காது என்பது மூன்று காரியங்களுக்குப் பயன்படும் உறுப்பு. கோயிலில் கொடுத்த பூவைச் செருகிக்கொள்ள, பாதி குடித்த பீடியைப் பத்திரப்படுத்த, பென்சில் வைக்க. (கேட்பதற்கும் பயன்படும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.)

மூன்றாவது காரியம் ஆசாரிகளுக்கே உரியது. ஆனால் அந்தக் காதோரப் பென்சிலை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. உளியைப் பார்ப்போம், இழைப்புளியைப் பார்ப்போம், இப்போதெல்லாம் 'டுர்ர்ர்' என்று சத்தம் போடும் மெஷினைப் பார்ப்போம். மரம் கெடுவது இதிலெல்லாம் இல்லை சார். அதற்கு முன்னால் விழுகிற கோட்டில்!

நான் பி.காம். எங்கள் தொழிலில் பென்சில் என்றால் ஒரு தைரியம். டிரையல் பேலன்ஸ் இடிக்கிறதா? ரப்பரை எடு, அழி, மறுபடி எழுது. சரியாக வந்தபிறகுதான் பேனா. கம்ப்யூட்டர் வந்ததும் ரப்பருக்கும் வேலை போச்சு. கன்ட்ரோல் இஸட் போதும். தேக்குப் பலகைக்கு மட்டும் இன்னும் கன்ட்ரோல் இஸட் கண்டுபிடிக்கவில்லை.

அது எவ்வளவு பெரிய குறை என்பது திருச்செந்தூரில், எங்கள் வீட்டு முற்றத்தில், ஒரே ஒரு பலகைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

தாத்தா வீட்டு வாசல் கதவு பர்மா தேக்கு. வீட்டை இடித்து மூன்று பிள்ளைகளுக்கும் பங்கு பிரித்ததில், அந்தக் கதவில் ஒரு பலகை அப்பாவுக்கு வந்தது. ஈரம் ஏறி இற்றுப்போன அடிப்பக்கத்தைக் கழித்தால் நீளம் 4 அடி 8 அங்குலம். அதில் ஓரிடத்தில் ஆணியால் கிழித்த ஒரு குறுக்குக் கோடு, பக்கத்தில் '1964' என்று வருஷம். எட்டு வயசில் அப்பா எவ்வளவு உயரம் என்று தாத்தா போட்ட அடையாளம்.

அப்பாவுக்கு இந்தப் பலகையில் ஒரு கணக்குப்பிள்ளை மேசை வேண்டும். தரையில் உட்கார்ந்து எழுதுகிற குட்டி மேசை. "நான் கண்ணை மூடறதுக்குள்ள அந்தக் கதவை வீட்டுல பாக்கணும்" என்பது ஆர்டரோடு வந்த குறிப்பு. மேல்பலகை 30 அங்குலம், இரண்டு பக்கமும் நிற்கும் கால் பலகைகள் 13, 13. கூட்டினால் 56. பலகையின் நீளமும் 56.

"டேலி ஆயிட்டு, பாத்தீரா ஆசாரியாரே!" என்றார் அப்பா.

ஆசாரி பலகையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அப்போ ரம்பத்துக்குப் பங்கு யாரு கொடுப்பா அண்ணாச்சி?"

நியாயமான கேள்வி. ரம்பம் ஓசியில் அறுப்பதில்லை. போகிற வழியில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கித் தின்றுவிடும். ஆபீஸ் பாஷையில் சொன்னால், தேய்மானம். அதோடு கோட்டுக்கும் ஒரு பருமன் உண்டே! மொட்டைப் பென்சிலில் போட்டால் கோடே ஒரு மில்லிமீட்டர். அந்தக் கோட்டின் இந்தக் கரையில் அறுப்பதா, அந்தக் கரையிலா? 'கோட்டு மேலயே அறுங்க' என்பது 'மாசக் கடைசியில தர்றேன்' மாதிரி. எந்த மாசம் என்று சொல்லவில்லையே!

ஆசாரி பையைத் திறந்தார். ஒரு பென்சில் இல்லை, மூன்று.

முதலாவது, தட்டைப் பென்சில். உருண்டைப் பென்சில் சாய்ந்த பலகையில் உருண்டு ஓடிவிடும், இது வைத்த இடத்தில் கிடக்கும். முரட்டு வேலைக்கு, இழைக்காத மரத்துக்கு இதுதான். இரண்டாவது, நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கடித்துத் தின்ற ஹெச்.பி. மூன்றாவது 2ஹெச். நுணுக்கமான கோட்டுக்கு.

இந்த ஹெச், பி சமாசாரம் என்னவென்றால், பென்சிலுக்குள் இருப்பது காரீயம் இல்லை. கிராபைட். சிவகங்கைப் பக்கம் டாமின் நிறுவனம் தோண்டி எடுக்கிறதே, அதே ஜாதி. எங்கள் கடலுக்கு அக்கரையில் இலங்கையிலும் இதற்குப் பேர்போன சுரங்கங்கள் உண்டு. அந்தப் பொடியோடு களிமண்ணைக் கலந்து சுட்டால் வேண்டிய பதத்தில் பென்சில் செய்யலாம் என்று 1795-ல் கண்டுபிடித்தவர் பிரான்சின் கான்டே. களிமண் கூடினால் கடினம், அது ஹெச். குறைந்தால் நல்ல கறுப்பு, அது பி. ஆகவே 'மண்டையில களிமண்ணா' என்று மேனேஜர் கேட்டால் கவலைப்படாதீர்கள். அப்போதுதான் கோடு மெல்லிசாக விழும்!

நடராஜ் 1958-ல் வந்தது, அப்சரா 1970-ல். இரண்டும் ஒரே கம்பெனி. நம் நாட்டில் பென்சிலுக்கு மரம் பெரும்பாலும் காஷ்மீரில் புல்வாமா பக்கத்திலிருந்து வருகிறது. காஷ்மீர் மரம், திருச்செந்தூர் காது! தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பென்சிலை ஆசாரி ஊசிமுனையாகச் சீவவில்லை. ஊசிமுனை தேக்கில் நாலு அங்குலம் போவதற்குள் மொட்டையாகிவிடும். உப்புத்தாளில் இரண்டு பக்கமும் தேய்த்து, உளி வாய் மாதிரித் தட்டையாக்கினார். டேப்பை வைத்து, அளவு வருகிற இடத்தில் 'V' மாதிரிக் காக்காக்கால் குறி. வெறும் புள்ளியோ சின்னக் கோடோ வைத்தால் எது குறி, எது அழுக்கு என்று தெரியாது. காக்காக்காலின் கூர்தான் அளவு. அந்தக் கூரில் பென்சிலை ஊன்றிக்கொண்டு, மூலைமட்டத்தை மெல்ல நகர்த்திப் பென்சிலில் முட்ட வைத்தார். அப்புறம் ஒரே இழுப்பு. நாம் செய்வது தலைகீழ். ஸ்கேலை வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடுவோம்.

இரண்டு வெட்டுக்கும் கோடு விழுந்தது. ஒரு கோடு, 1964-க்கு அரை அங்குலம் தள்ளி! ரம்பம் கொஞ்சம் நழுவினால் அப்பாவின் எட்டு வயசு தூளாகிவிடும். முற்றத்தில் யாரும் பேசவில்லை. ஆசாரி ஒரு நிமிஷம் பார்த்தார். ரப்பரை எடுத்து இரண்டு கோட்டையும் அழித்தார். நடுவில் இருந்த மேல்பலகையை ஒரு ஓரத்துக்கும், கால் பலகை இரண்டையும் மறு ஓரத்துக்கும் மாற்றினார். இப்போது 1964 மேசையின் கிட்டத்தட்ட நடுவில்.

அதற்குப் பிறகுதான் கத்தி வந்தது. பழைய ஆக்ஸா பிளேடை உடைத்து, ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்து, பிடிக்குத் துணி சுற்றிய கத்தி. தட்டையான பக்கம் மூலைமட்டத்தோடு ஒட்ட, முதலில் மெல்ல ஒரு இழுப்பு, பிறகு அழுத்தி ஒன்று. பென்சில் கோடு மரத்தின் மேல் படிந்த தூசி. கத்திக் கோடு மரத்தின் நாரையே வெட்டிய வாய்க்கால். அதற்குப் பருமன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. உளியை வைத்தால் தானாக அதில் போய் உட்காரும். ரம்பம் அறுக்கும்போது ஓரத்தில் சிம்பு எழும்பாது. 'கோடு கிழித்தல்' என்று நம் பாஷை சும்மாவா சொல்லுகிறது?

"எல்லாத்தையும் கத்தியிலயே போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"பென்சில் மனசு மாதிரி தம்பி, மாத்திக்கிடலாம். கத்தி வாக்கு மாதிரி. மாத்த முடியாது" என்றார்.

பி.காமில் மூன்று வருஷம் படித்த ரஃப் நோட்டு, லெட்ஜர் வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

கோட்டுக்கு எந்தப் பக்கம் ரம்பத்தின் பங்கோ, அந்தப் பக்கம் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. ரம்பம் அந்தப் பக்கமாகவே போனது. தேய்மானம் இரண்டு கால்களின் தலையில் விழுந்தது. ஆனால் மேசை ஆடக் கூடாதே! அதற்கு டேப்பை எடுக்கவில்லை. இரண்டு காலையும் ஒட்டிச் சேர்த்து வைத்து, ஒரே இழுப்பில் இரண்டின் மேலும் கத்திக் கோடு. எத்தனை அங்குலம் என்று யாருக்கு வேண்டும்? ரெண்டும் ஒன்று, அவ்வளவுதான்.

எல்லா மரத்துக்கும் இந்த மரியாதை செல்லாது. எங்கள் பக்கம், உடன்குடி வரை, பனைதான். வைரம் பாய்ந்த பனங்கை கறுப்பு. அதில் பென்சில் கோடு போடுவது, அமாவாசையில் கறுப்புப் பூனையைத் தேடுவது. கத்தி போட்டாலும் தடித்த நாரோடு நழுவும். அங்கே சாக்பீஸ், வெள்ளைப் பென்சில். நீளமாக வேண்டுமென்றால் காவியில் தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து 'டப்'பென்று ஒரு அடி. 'நூல் பிடித்த மாதிரி' என்கிறோமே, அது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆசாரிகளாகிய ஆபீஸ் நண்பர்களுக்கு மூன்றே வார்த்தை. ஒன்று, வெளியே தெரிகிற மரத்தில் பால்பாயிண்ட் பேனா வேண்டாம். நாருக்குள் ஊறி, பாலிஷ் போட்டதும் மேலே வந்து பல்லைக் காட்டும். இரண்டு, மெத்தென்ற பலகையில் 2ஹெச்சை அழுத்தாதீர்கள். கோட்டை அழிக்கலாம், பள்ளத்தை அழிக்க முடியாது. மூன்று, டேப் நுனியில் இருக்கும் கொக்கி லொடலொடவென்று ஆடினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வெளியே மாட்டி அளந்தாலும் உள்ளே முட்டி அளந்தாலும் கொக்கியின் தடிமன் கணக்கில் சரியாகட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

மேசை இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. 1964 பக்கம் இழைப்புளி போகவே இல்லை. அப்பா பேப்பர் படிக்கும்போது அவர் விரல் அந்தக் கோட்டின் மேல்தான் கிடக்கும். தாத்தா அன்றைக்குப் பென்சிலில் போட்டிருந்தால் எத்தனை வெள்ளையடிப்பில், எத்தனை தீபாவளித் துடைப்பில் போயிருக்குமோ!

வேலை முடிந்து ஆசாரி கூலிச் சீட்டு எழுத உட்கார்ந்தார். காதிலிருந்த பென்சிலை நான் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவிக்கொண்டார்.

"இது அழிஞ்சிரக் கூடாதுல்லா தம்பி!"